ஃபேன் சத்தம் போகணும், பாட்டி குரல் போகக்கூடாது: காதின் கணக்கை வைத்து இரைச்சலைக் குறைப்பது

கேள்வி: சைதாப்பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பாட்டி தன் சின்ன வயசுக் கதைகளைச் சொல்லச் சொல்ல, போனில் பதிவு செய்து வருகிறேன். தலைக்கு மேல் ஃபேன், வெளியே ஆட்டோ, நடுநடுவே மின்சார ரயில். இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டால் சத்தம் போய்விடுகிறது. ஆனால் பாட்டி தண்ணிக்குள் இருந்து பேசுவது மாதிரி ஆகிவிடுகிறது. சொற்களின் கடைசி எழுத்துகளும் காணாமல் போகின்றன. மனிதக் காது கேட்கும் விதத்தை வைத்து இரைச்சலைக் குறைக்கும் முறைகள் உண்டு என்கிறார்கள். அது என்ன? என் பதிவுகளுக்கு உதவுமா?

பதில்:

உதவும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் இலக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போது நீங்கள் சத்தத்தைப் பூஜ்யமாக்கப் பார்க்கிறீர்கள். காதை அடிப்படையாகக் கொண்ட முறைகள் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகின்றன: பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது இந்த இரைச்சலில் எவ்வளவு நம் காதுக்கு உண்மையிலேயே எட்டுகிறது? எட்டுகிற பகுதியை மட்டும், எட்டாத அளவுக்குக் குறைத்தால் போதும். மற்றதைத் தொடவே வேண்டாம். ஏனென்றால் கை வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் குரலும் சேர்ந்து கொஞ்சம் அடிபடும்.

முதலில் அந்தத் 'தண்ணிக்குள் பேசும்' குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இலவசமாகக் கிடைக்கும் பல மென்பொருள்களின் அடியில் இருப்பது ஸ்பெக்ட்ரல் சப்ட்ராக்‌ஷன் என்ற முறை, அல்லது அதன் வழிவந்த ஒன்று. ஸ்டீவன் போல் 1979-ல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவியது. பதிவை 20, 30 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். யாரும் பேசாத இடத்திலிருந்து ஃபேன் சத்தத்தின் சராசரியை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாத் துண்டுகளிலிருந்தும் அதைக் கழிப்பார்கள்.

கழித்தல் சரிதான். ஆனால் ஃபேன் சத்தம் ஒவ்வொரு துண்டிலும் சராசரிக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சராசரிக்குக் கீழே இருந்ததெல்லாம் பூஜ்யமாகிவிடும். மேலே துருத்திக்கொண்டிருந்த முனைகள் மட்டும் தப்பிவிடும். அப்படித் தப்பிய ஒவ்வொரு முனையும் ஒரு கணம் ஒலித்து மறையும் சின்ன விசில். இப்படி ஆயிரக்கணக்கான விசில்கள் மாறி மாறி வந்தால்தான் அந்தக் குமிழி விடுகிற சத்தம் கேட்கும். இந்தத் துறையில் இதை மியூசிக்கல் நாய்ஸ் என்பார்கள். மூல ஃபேன் சத்தத்தைவிட இது பல மடங்கு எரிச்சல் தரும். ஒரே சீராக வரும் சத்தத்தை மனசு ஒதுக்கிவிடும், இதை ஒதுக்க முடியாது.

அதே 1979-ல் பெரூட்டி, ஷ்வார்ட்ஸ், மக்ஹூல் என்ற மூவர் ஒரு திருத்தம் சொன்னார்கள். கழிக்கும்போது சராசரியைவிடக் கூடுதலாகவே கழியுங்கள், ஆனால் எந்த இடத்தையும் பூஜ்யத்துக்கு விடாதீர்கள்; அடியில் மெல்லிய இரைச்சல் படலம் ஒன்றை மிச்சம் வையுங்கள் என்றார்கள். அந்தப் படலம் மிஞ்சிய விசில்களை மூடிவிடும். இரைச்சலை வைத்தே இரைச்சலை மறைப்பது. இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விடை கணக்கில் கிடையாது, காதில்தான் இருக்கிறது.

நம் உள்காதில் காக்ளியா என்று ஒரு சுருள் குழாய். அதற்குள் ஓடும் சவ்வை நீட்டிப் பிடித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் இருக்கும். உயர்ந்த சுருதிகளுக்கு அதன் வாசல் பக்கம் அதிரும், தாழ்ந்தவற்றுக்குக் கடைக்கோடி அதிரும். இந்த அலை சவ்வின் மேல் எப்படிப் பயணிக்கிறது என்று கண்டறிந்ததற்காக ஜியார்ஜ் ஃபான் பெக்கேஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ஒலியைச் சுருதிவாரியாகப் பிரிக்கும் வேலை மூளைக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆனால் ஒரு கம்ப்யூட்டர் பிரிப்பதுபோல் சம அளவாக அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஹார்வி ஃப்ளெட்சர் 1940-ல் இதைக் கவனித்தார்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சுருதிகளைக் காது ஒரே பட்டையாகச் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்கிறது. எபர்ஹார்ட் ஸ்விக்கர் 1961-ல் கேட்கும் வீச்சு முழுவதையும் இப்படிப்பட்ட 24 பட்டைகளாக வகுத்தார். அதுதான் பார்க் அளவுகோல்.

பட்டைகளின் அகலத்தைப் பாருங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது. 500 ஹெர்ட்ஸுக்குக் (ஒரு செகண்டில் 500 அதிர்வுகளுக்கு) கீழே ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ். 1,000 ஹெர்ட்ஸ் அருகே 160. 4,000 ஹெர்ட்ஸுக்குப் போனால் 700. அதாவது மேல் சுருதிகளில் 700 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள அத்தனையையும் காது ஒரே மொத்தமாக அள்ளிக்கொள்கிறது. பழைய முறையோ அங்கேயும் 40, 50 ஹெர்ட்ஸ் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முடிவெடுக்கிறது. காதுக்குத் தேவைப்படாத அந்த நுணுக்கத்தால் கிடைக்கும் ஒரே பலன் விசில்கள்தான். பட்டை முழுவதற்கும் ஒரே முடிவு எடுத்தாலே பாதி மியூசிக்கல் நாய்ஸ் காணாமல் போகும்.

அடுத்தது மறைப்பு. தாலி கட்டும் நேரத்தில் ஏன் கெட்டி மேளம் கொட்டுகிறார்கள்? யாராவது தும்மினாலும், வேண்டாத சொல் ஏதாவது சொன்னாலும் அது யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக. தும்மல் நடந்திருக்கும், காற்றில் அதன் அதிர்வும் இருந்திருக்கும், மைக் வைத்தால் பதிவிலும் இருக்கும். ஆனால் தவிலும் நாதஸ்வரமும் அந்தப் பட்டைகளை எல்லாம் ஆக்கிரமித்துவிட்டதால் காது அதை எடுக்காது. ஒரு பட்டையில் வலுவான ஒலி ஒன்று இருந்தால், அதே பட்டையிலும் அக்கம்பக்கத்துப் பட்டைகளிலும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருப்பது எதுவும் கேட்காது. அந்த அளவைத்தான் மறைப்பு வரம்பு என்கிறோம். தாழ்ந்த சுருதி மேலே இருப்பதை அதிகம் மறைக்கும். உயர்ந்தது கீழே இருப்பதை அவ்வளவாக மறைக்காது. பஸ் இன்ஜினின் உறுமல் பேச்சைப் பாழாக்கும் அளவுக்குக் காகத்தின் கரைச்சல் பாழாக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் பலரும் கவனிக்காத சமச்சீரின்மை ஒன்று உண்டு, உங்கள் பிரச்சினைக்கு அதுதான் சாவி. இரைச்சல் ஒரு சுருதியை எளிதாக மறைக்கும்: தன்னைவிட ஐந்தாறு டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) பலம் குறைந்த சுருதியை அதே பட்டையில் விழுங்கிவிடும். ஆனால் சுருதி இரைச்சலை மறைப்பது கஷ்டம். இரைச்சல் 15 முதல் 25 டெசிபல் வரை தாழ்ந்திருந்தால்தான் மறையும். மிச்சம் வைத்த இரைச்சல் படலம் விசில்களை மூடிவிடுவது முதல் பாதியால். பாட்டி 'ஆ' என்று நீட்டும்போதுகூட ஃபேன் சத்தம் முழுக்க மறையாமல் ஓரமாகக் கேட்பது இரண்டாவது பாதியால்.

காலத்திலும் மறைப்பு உண்டு. ஒரு பலத்த ஒலி நின்ற பிறகு 100, 200 மில்லிசெகண்ட் வரை காது கொஞ்சம் மந்தமாக இருக்கும். பலத்த ஒலி வருவதற்குச் சற்று முன்னால் உள்ளதும் மறையும், ஆனால் அது மிகக் குறுகிய நேரம்.

இந்த மறைப்புக் கணக்கைப் பேச்சைச் சுருக்கி அனுப்புவதற்குப் பயன்படுத்தலாம் என்று ஷ்ரோடர், அட்டல், ஹால் மூவரும் காட்டியதும் அதே 1979-ல்தான். இதில் பிஷ்ணு அட்டல் கான்பூரில் பிறந்து, பெங்களூர் ஐஐஎஸ்சியில் படித்து, பெல் ஆய்வகத்துக்குப் போனவர். பின்னால் எம்பி3 வந்ததும் இதே அடிப்படையில். ஒரே வருஷத்தில் ஒரு பக்கம் கழித்தல் முறை, இன்னொரு பக்கம் மறைப்புக் கணக்கு. இரண்டும் கைகோக்க இருபது வருஷம் போல ஆனது. 1997-ல் சூகலாஸ் குழுவினரும் 1999-ல் நத்தாலி விராகும் எழுதிய கட்டுரைகள் இரண்டையும் சேர்த்தன.

விராக் முறையின் ஓட்டம் இப்படி. முதலில் சாதாரணக் கழித்தலால் குரலைச் சுமாராகப் பிரித்தெடுக்க வேண்டும். மறைப்பு வரம்பைச் சுத்தமான குரலிலிருந்துதான் கணக்கிட முடியும், அதுவோ நம் கையில் இல்லை. அதனால் இந்தச் சுமாரான பிரதியை வைத்தே பட்டைவாரியாக வரம்பைக் கணக்கிடுகிறார்கள். பிறகு மூலப் பதிவுக்குத் திரும்பி வந்து, வரம்பு உயர்ந்த இடங்களில், அதாவது குரலே இரைச்சலை மூடிவிடும் இடங்களில், மிகக் கொஞ்சமாகக் கழிக்கிறார்கள். வரம்பு தாழ்ந்த இடங்களில் பலமாகக் கழிக்கிறார்கள். குரல் ஓங்கும் இடத்தில் கை வைக்காததால் குரலின் நிறம் கெடுவதில்லை. இடைவெளிகளில் மறைக்க ஆள் இல்லை என்பதால் அங்கே வேலை அதிகம், ஆனாலும் பூஜ்யத்துக்கு விடுவதில்லை.

நம் ஊரிலும் இதற்குப் பக்கத்து வழி ஒன்றில் வேலை நடந்திருக்கிறது. அப்போது ஐஐடி மெட்ராஸில் பேராசிரியராக இருந்த யக்ஞநாராயணாவும் மற்றவர்களும் 1999-ல் வெளியிட்ட கட்டுரையில், குரல்நாண்கள் மூடும் கணத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணத்தை ஒட்டித்தான் குரல் இரைச்சலைவிட ஓங்கி நிற்கும். அந்த இடங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து மற்றதைத் தாழ்த்தினால், கேட்பதற்குக் குரல் முன்னால் வந்து நிற்கும். சத்தத்தைத் துரத்துவதற்குப் பதிலாகக் குரல் பலமாக இருக்கும் இடத்தைத் தூக்கிப் பிடிப்பது. எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை.

இப்போது உங்கள் 'கடைசி எழுத்து' பிரச்சினைக்கு வருகிறேன். இதைத் தனியாக நீளமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் கருவிகளின் சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழ்ப் பேச்சு எங்கே மெலிகிறது என்று அவற்றை அமைத்தவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

பாட்டி "அப்போ அந்த வீட்டு வாசல்ல காத்துக்கிட்டு இருந்துட்டு" என்று சொல்கிறார் என்று வையுங்கள். அந்த 'ட்டு'வில் உள்ள உகரம் குற்றியலுகரம். இலக்கணம் அதற்குக் கொடுத்திருப்பதே அரை மாத்திரைதான். பேச்சில் அது அதைவிடவும் தேய்ந்து, குரல் பலம் இறங்கி, சில சமயம் வெறும் மூச்சாக முடியும். ஃபேன் சத்தத்தின் அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் சொற்பம். மென்பொருள் அதைப் பார்த்ததும் "இது இரைச்சல்" என்று முடிவு கட்டி அழித்துவிடுகிறது. 'வந்தாங்க' என்பதில் கடைசி அகரமும், 'மரம்', 'பணம்' என்பவற்றில் மூக்கொலியாகத் தேயும் மகரமும் இதே கதிக்கு ஆளாகும். 'வந்துட்டு', 'வந்துட்ட', 'வந்துட்டான்' மூன்றும் 'வந்துட்' என்று நின்றால், யார் வந்தது என்றே கதை கேட்பவருக்குத் தெரியாது.

இரட்டித்த வல்லினம் இன்னொன்று. 'பத்து', 'பட்டு' என்னும்போது நடுவில் வாய் மூடிய சின்ன அமைதி ஒன்று வரும். அதன் நீளத்தை வைத்துத்தான் 'பாட்டு' வேறு, 'பாடு' வேறு என்று பிரிக்கிறோம். அந்த அமைதியில் ஃபேன் சத்தம் நிரம்பியிருந்தால் பெரிய கெடுதல் இல்லை, காது புரிந்துகொள்ளும். ஆனால் மென்பொருள் அந்த அமைதியைச் சுத்தமாகத் துடைத்து, அப்புறம் வரும் வெடிப்பின் முதல் சில மில்லிசெகண்டையும் சேர்த்துத் தின்றுவிட்டால், 'த்து'வும் 'ட்டு'வும் ஒன்றுபோல் ஆகிவிடும். ழ, ள வேறுபாடும் இப்படித்தான். இரண்டையும் பிரித்துக் காட்டும் முக்கியமான அடையாளங்களில் ஒன்று மூன்றாவது ஃபார்மன்ட், அதாவது வாய்க்குழியின் ஒத்ததிர்வால் வரும் மூன்றாவது முகடு. ழகரத்தில் அது நன்றாகக் கீழே இறங்கிவிடும். கீழுள்ள இரண்டு முகடுகளைவிட அது பலம் குறைந்தது. கடுமையான கழித்தல் முதலில் அதைத்தான் தேய்க்கும்.

இங்கே கால மறைப்பு நமக்குத் துணை. சொல்லின் கடைசி உகரம் பெரும்பாலும் ஒரு பலமான உயிருக்குப் பிறகு 100, 150 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் காது ஏற்கெனவே மந்தமாக இருப்பதால், மிச்ச இரைச்சலையும் அது பெரிதாகக் கவனிக்காது. ஆக, குரல் தாழ்ந்தவுடன் இரைச்சல் குறைப்பைப் பட்டென்று பாயவிடாமல், 150, 200 மில்லிசெகண்ட் தாமதித்து மெதுவாக இறக்கினால் கடைசி எழுத்து பிழைத்துக்கொள்ளும். கூடவே வரும் இரைச்சல் வால் அவ்வளவாகத் தெரியாது. மென்பொருளில் ரிலீஸ் என்று ஒரு அமைப்பு இருந்தால் அதை இந்த அளவுக்கு நீட்டுங்கள். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்தாலே பாட்டி பேச்சு பாதி திரும்பி வரும்.

நிறையப் பேர் கேட்பது இன்னொன்று: நேரில் உட்கார்ந்து பேசும்போது ஃபேன் சத்தமே உறைக்கவில்லையே, பதிவில் மட்டும் ஏன் இப்படி? இரண்டு காதுகள் இருப்பதால். பாட்டி குரல் ஒரு திசையிலிருந்தும் ஃபேன் இன்னொரு திசையிலிருந்தும் வருகின்றன. இரு காதுகளுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தையும் சத்த அளவின் வித்தியாசத்தையும் வைத்து மூளை இரண்டையும் பிரித்துவிடுகிறது. கூட்டத்தில் ஒருவர் பேச்சை மட்டும் பின்தொடரும் இந்தத் திறனைக் காலின் செர்ரி 1953-ல் சோதனை செய்து எழுதினார். போன் ஒற்றை மைக்கில் பதிவு செய்யும்போது திசை என்பதே போய்விடுகிறது. எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வருவதாக ஆகி, ஃபேன் பாட்டி முகத்தின் மேலேயே சுற்றுவது போல ஆகிவிடுகிறது.

வயதானவர்களுக்கு இது இன்னும் சிரமம். உள்காதின் வெளி மயிர்செல்கள் தேயத் தேய, அந்தப் பட்டைகள் அகன்றுவிடும். இள வயசுக்காரருக்குத் தனித்தனிப் பட்டையில் விழும் குரலும் இரைச்சலும் அவர்களுக்கு ஒன்றில் போய்ச் சேரும். உங்கள் பதிவுகளைக் கேட்கப்போவது பாட்டியின் தங்கைகளும் தம்பிகளும் என்றால், உங்கள் காதுக்குப் போதும் என்று தோன்றும் அளவைவிட இன்னும் மூன்று, நான்கு டெசிபல் குறைத்து அவர்களுக்கென்று தனிப் பிரதி ஒன்று செய்யுங்கள்.

இன்றைய நியூரல் நெட்வொர்க் கருவிகள், அதாவது ஏராளமான மாதிரிகளிலிருந்து தாமே கற்றுக்கொள்பவை, காதின் கணக்கை விட்டுவிடவில்லை, உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஜான்-மார்க் வாலின் 2017-ல் வெளியிட்ட ஆர்என்நாய்ஸ், ஸ்பெக்ட்ரத்தின் (அதிர்வெண்வாரியான ஆற்றல் கணக்கின்) நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்குப் பதிலாகக் காதின் பட்டைகளை ஒத்த 22 பட்டைகளை மட்டுமே பார்க்கிறது. ஒவ்வொரு பட்டையையும் எவ்வளவு தாழ்த்துவது என்பதை மட்டும் நெட்வொர்க் சொல்லும். அதனால்தான் அது சின்னதாக இருக்கிறது, சாதாரண லேப்டாப்பிலும் ஓடுகிறது, விசில் சத்தமும் எழுப்புவதில்லை. பட்டை அகலமாக இருப்பதால் குரலின் சுருதிகளுக்கு நடுவே உள்ள இரைச்சலை அதனால் பிடிக்க முடியாது. அதற்குத் தனியாகச் சுருதியைப் பின்தொடரும் ஃபில்டர் ஒன்று சேர்த்திருக்கிறார்கள். 2020-ல் வந்த பெர்செப்நெட் 34 பட்டைகளுக்குப் போனது. டீப்ஃபில்டர்நெட்டும் முதலில் காதின் பட்டைகளில் மேலோட்டமாகச் சரிசெய்து, பிறகு தாழ்ந்த சுருதிகளில் நுணுக்கமாக வேலை செய்கிறது. ஆர்என்நாய்ஸும் டீப்ஃபில்டர்நெட்டும் இலவசம். ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவசப் பதிவு மென்பொருளில் இரைச்சல் அடக்கும் ஃபில்டராக ஆர்என்நாய்ஸ் உள்ளேயே வருகிறது.

சென்னைச் சத்தங்களில் எது எதற்கு அடங்கும்? ஃபேன், ஏசி, தூரத்துப் போக்குவரத்தின் இரைச்சல், பக்கத்து அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் இவை எல்லாம் சீரானவை. பழைய முறையே காதின் கணக்கோடு சேர்ந்தால் போதும். குக்கர் விசில், காகம், தெருவில் போகிற கீரை வண்டிக்காரர் ஸ்பீக்கர் இவை நேரத்துக்கு நேரம் மாறுபவை. நியூரல் கருவிகள்தான் தேவை. ஆட்டோ ஹாரனும் ரயில் ஹாரனும் சிக்கலானவை. மனிதக் குரலின் உயிரொலியைப் போலவே அவற்றுக்கும் ஒரு அடிச்சுருதியும் அதன் மடங்குகளும் உண்டு. சுருதியைப் பின்தொடரும் கருவி சில சமயம் ஹாரனைக் குரல் என்று நினைத்து விட்டுவைக்கும். கீரைக்காரர் ஸ்பீக்கரில் வருவதும் தமிழ்ப் பேச்சு என்பதால், அதைப் பிரித்தெடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சரி, உங்கள் பதிவுகளை என்ன செய்வது? மூலக் கோப்புகளை அப்படியே ஒரு இடத்தில் வைத்துவிட்டு, பிரதியில் வேலை செய்யுங்கள். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். பாட்டி குரலின் அடிச்சுருதி அதற்கு நன்றாக மேலே இருக்கும். அங்கே இருப்பதெல்லாம் லாரி உறுமலும், ரயில் போகும்போது வரும் நடுக்கமும், மேசை அதிர்வும்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஃபேன் மோட்டாரின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும். 100-ல் குறுகலான நாட்ச் ஒன்று, அதாவது அந்த இடத்தை மட்டும் வெட்டும் ஃபில்டர், போடலாம். 200-ல் போடாதீர்கள், பாட்டியின் குரல் அங்கே வந்து போகும்.

அப்புறம்தான் இரைச்சல் குறைப்பு. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருள் வைத்திருந்தால், பாட்டி மூச்சு வாங்கும் ஓரிரண்டு செகண்ட் இடைவெளியை மாதிரியாகக் கொடுத்து 6 முதல் 9 டெசிபல் மட்டும் குறையுங்கள். 20, 30 என்று போகவே வேண்டாம். அதிலேயே ஃப்ரீக்வன்சி ஸ்மூத்திங் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்து ஒரே முடிவெடுக்க வைப்பது அது. மேலே சொன்ன காதின் பட்டைகளுக்குச் சற்று நெருக்கமாகக் கொண்டுபோகும். விசில் கேட்டால் அதை ஏற்றுங்கள். அங்கே ரெசிடியூ என்ற பொத்தானும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் நீக்கப்போவதை மட்டும் தனியாகக் கேட்கலாம். என்னிடம் வருகிற பதிவுகளில் நான் அதிகம் நம்புவது இந்தச் சோதனையைத்தான். அதில் வெறும் ஃபேன் 'ஸ்ஸ்' மட்டும் கேட்டால் சரி. பாட்டியின் சொல் அடையாளம் தெரிகிற அளவுக்குக் கேட்டால், அந்த அளவுக்குக் குரலைத் திருடிவிட்டோம் என்று அர்த்தம், அளவைக் குறையுங்கள்.

டீப்ஃபில்டர்நெட் மாதிரிக் கருவியைப் பயன்படுத்தினால், அதன் வெளியீட்டோடு மூலப் பதிவைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடுங்கள். 15 டெசிபல் தாழ்த்திக் கலந்தால் போதும். கருவி தின்றுவிட்ட உகரங்கள் ஓரளவு எட்டிப் பார்க்கும், இடைவெளிகளில் அறையின் உயிர்ப்பும் இருக்கும். இரண்டு கோப்பையும் நேரக்கணக்கில் துல்லியமாக ஒட்டவைக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் எதிரொலி மாதிரி கேட்கும்.

ஒப்பிடும்போது இரண்டு பிரதியையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஹெட்போனில் ஒருமுறை, சாதாரண போன் ஸ்பீக்கரில் ஒருமுறை. ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்ப்பதும் முக்கியம்: கேட்க இதமாக இருப்பது வேறு, சொற்கள் புரிவது வேறு. ஹூ, லோய்சூ இருவரும் 2007-ல் செய்த ஒப்பீட்டில், ஒற்றை மைக் பதிவுக்கான அன்றைய முறைகள் பெரும்பாலும் சொற்கள் புரிவதைக் கூட்டவில்லை என்றுதான் தெரிந்தது. அதனால் உங்கள் வீட்டில் கதை தெரியாத ஒருவரிடம் இரண்டு பிரதியையும் கேட்கக் கொடுத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கதை தெரிந்த நீங்கள் விட்டுப்போன எழுத்தை உங்கள் மனசாலேயே நிரப்பிக்கொள்வீர்கள். பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருளுக்குக் கொடுப்பதாக இருந்தால், மூலப் பதிவையும் கொடுத்துப் பாருங்கள். பல சமயம் சுத்தம் செய்யாததே நன்றாக வரும்.

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக அனுப்பியதை மட்டும் எடுத்து வேலை செய்யாதீர்கள். அதில் ஓபஸ் என்ற சுருக்கும் முறை இருக்கிறது. எம்பி3 மாதிரியே, காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று நினைப்பதைச் சிக்கனம் செய்துதான் கோப்பைச் சின்னதாக்கும். ஃபேன் சத்தத்துக்குக் கீழே மறைந்திருந்த குரல் நுணுக்கங்கள் அங்கேயே போயிருக்கும். பிறகு நீங்கள் ஃபேனை எடுத்துவிட்டால், அதுவரை மூடியிருந்த ஓட்டைகள் வெளியே தெரியும். முதலில் சுத்தம், அப்புறம் சுருக்கம், வரிசை மாறக்கூடாது. போனில் சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்ய வசதியிருந்தால் அதையே வையுங்கள்.

இனி எடுக்கப்போகும் பதிவுகளுக்கு, மேலே சொன்ன அத்தனையையும்விடப் பலன் தருவது தூரம். போன் ஒரு மீட்டர் தள்ளி இருப்பதற்கும் 25 சென்டிமீட்டரில் இருப்பதற்கும் குரலில் கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம், ஃபேன் சத்தமோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். குரலைக் கெடுக்காமல் 12 டெசிபல் கொடுப்பது மென்பொருளுக்குக் கஷ்டம். ரிச்சி தெருவில் புடவைத் தலைப்பில் குத்திக்கொள்ளும் காலர் மைக் ஒன்று வாங்கிவிட்டால் பாட்டிக்கும் நிம்மதி, போனைப் பார்த்துப் பேச வேண்டாம். சென்னை வெயிலில் ஃபேனை நிறுத்தி வைத்துப் பேசச் சொல்ல முடியாது. வேகத்தைக் குறையுங்கள், காற்று மைக்கில் நேராகப் படாமல் பாருங்கள். ரயில் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கட்டில் மெத்தை இருக்கிற அறையில் உட்காருங்கள். அறை எதிரொலியைக் காதின் மறைப்புக் கணக்கால் சரிசெய்ய முடியாது, மெத்தையும் துணியும் உறிஞ்சிவிடும்.

ஏற்கெனவே எடுத்ததில் ரயில் ஹாரன் முழுசாக மூடிய வாக்கியங்கள் எந்த முறையிலும் திரும்பி வராது. மறைப்பு வரம்பின் தப்பான பக்கத்தில் பாட்டி குரல் இருக்கிறது. அந்த இடங்களின் நேரத்தை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை உட்காரும்போது அந்தப் பகுதியை மட்டும் மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள். முதலில் சொன்ன மாதிரியே சொல்ல மாட்டார், அதனால் பழையதன் மேல் ஒட்டாமல் பக்கத்திலேயே தனிக் கோப்பாக வையுங்கள்.